என் பித்தளையும் அழகரெத்தினத்தின் வெள்ளியும்

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கும் மீன் வாங்க ஆள் வந்துவிட்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு கடையைப் பூட்டிவிட்டு வந்து, பின்வளவில் நின்று, ட்ரொம்போனைத் துடைத்து ஒரே ஒரு நீட்டுச் சுரம் ஊதினேன். அவ்வளவுதான். அடுத்த வீட்டு லைலா ராத்தா சட்டியும் கையுமாக வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறா. "தம்பி, மீன்காரன் போயிட்டானா? என்ன மீன், கீரியா?"

என் ட்ரொம்போன் கிங் த்ரீ-பி! டுபாய் ஹோட்டலில் நான் ஏ.சி. திருத்திக்கொண்டிருந்த காலத்தில், அங்கே பாண்டில் ஊதிய பிலிப்பைன்காரன் எனக்குப் பழக்கி, ஊருக்குப் போகிறபோது கண்ணீரோடு என்னிடமே விற்றுவிட்டுப் போன சாமான். ஜாஸ்காரர்கள் அதன் பேரைச் சொன்னாலே எழும்பி நிற்பார்கள். அதை மீன்காரன் தெருவில் ஊதுகிற ஹோர்ன் என்று நினைத்து இங்கே கீரி மீனுக்குச் சட்டி வருகிறது.

பிழை என்னில் இல்லை. பெல்லில். முன்னால் பூவரசம்பூ மாதிரி விரிந்து நிற்கிற அந்த வாய், என்னுடையதில் மஞ்சள் பித்தளை. பித்தளை பளிச்சென்று கத்தும். வெள்ளி பெல் என்றால் சத்தம் கறுத்து, தடித்து வரும். பலமாக ஊதினாலும் உடையாது. இதைச் சுஹைறாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள், விளங்கும் என்று நினைத்தேன்.

"கடை முழுக்கக் குழாய். வீட்ட வந்தாலும் குழாய். குசினிப் பைப் மட்டும் சொட்டிக்கிட்டுத்தான் கிடக்கு," என்றாள்.

ஹார்ட்வெயார் கடைக்காரனைக் கட்டியவளுக்கு இந்த வாய்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து பகல் முழுக்கப் போனில் பழைய ட்ரொம்போன்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் கேட்டேன். கிங் டூ-பி: குழாய் ஒடுக்கம், துள்ளும், கொஞ்சம் வாய்க்காரி. த்ரீ-பி: கொஞ்சம் அகலம், பேச்சில் நிதானம். கொன் சிக்ஸ்-எச்: இரண்டுக்கும் நடுவில், சாப்பிட்டு முடித்த மனிசன் கதைக்கிற மாதிரி. இதையெல்லாம் தனியே ரசித்து என்ன செய்ய? பாண்டிருப்புக்குப் போனேன்.

அழகரெத்தினம் கொழும்பில் பொலிஸ் வாத்தியக் குழுவில் இருந்து பென்ஷனில் வந்தவன். இந்தப் பக்கத்தில் ட்ரொம்போன் வைத்திருக்கிற மற்ற ஒரே மனிதன். அவனுடையதும் கிங் த்ரீ-பி. ஆனால் வெள்ளி பெல். அல்லாஹ் யாருக்கு எதைக் கொடுக்கிறான் பாருங்கள், அதன் அருமை தெரியாத ஒருவனுக்கு!

"பெல்லுல ஒண்டுமில்ல மச்சான்," என்கிறான் வழமைபோல. "எல்லாம் ஊதுறவன்ட சொண்டு," என்று உதட்டைத் தட்டிக் காட்டினான்.

"வெள்ளியை வச்சிக்கிட்டு ஆரும் அப்பிடிக் கதைக்கலாம்."

"அப்ப மாத்திக்கொள்ளுவமா?"

உடனே கையை நீட்டிவிட்டேன். பகிடி விடுகிறான் என்று பிறகுதான் விளங்கியது.

ஜூலை 13, ஞாயிறு

யா அல்லாஹ்! மட்டக்களப்பு அன்ட்ராடோ போனில் கோல் எடுத்தார். பறங்கியர், பேஸ் வாசிக்கிறவர், சொந்தமாக ஒரு ஜாஸ் பாண்ட் வைத்திருக்கிறார். ஆகஸ்ட் இரண்டாம் திகதி அறுகம்பையில் ஒரு ஹோட்டலில், கடற்கரையிலேயே மேடை போட்டு நிகழ்ச்சி. அவருடைய ட்ரொம்போன்காரன் இத்தாலிக்குப் போய்விட்டானாம்.

"கல்முனையில ரெண்டு பேர் இருக்கிறீங்க எண்டு கேள்விப்பட்டன். எனக்கு ஒராள் போதும். ஆரெண்டு நீங்களே முடிவெடுத்து ஒத்திகைக்கு வாங்க."

இவ்வளவு வருசமும் நான் ஊதியது போனோடு. போனில் ட்ரம்ஸ் ஓடும், பேஸ் ஓடும், நான் பின்னால் ஓடுவேன். நான் விழுந்தால் அது நிற்காது. உயிருள்ள மனிதர்களோடு ஒருநாள், ஒரே ஒருநாள், நின்று ஊதிப் பார்க்க வேண்டும். வேறு ஆசை ஒன்றும் எனக்கு இல்லை.

(வெள்ளி பெல். அதுவும் ஆசைதான்.)

ஜூலை 14, திங்கள்

அழகரெத்தினத்துக்குச் சொன்னேன். சொல்லாமல் விடவும் ஒரு யோசனை இருந்தது.

ஜூலை 16, புதன்

முடிவாகிவிட்டது. யார் போவது என்பதற்கு முன்னம், பெல் வழக்குக்கு ஒரு பரீட்சை வைக்கப் போகிறோம். திரைக்கு இந்தப்பக்கம் நாங்கள், அந்தப்பக்கம் கேட்கிறவர்கள். எது பித்தளை, எது வெள்ளி, எது நல்லது என்று அவர்கள் சொல்லட்டும். வித்தியாசம் தெரிந்தால் நான் சொன்னது சரி. தெரியாவிட்டால் இனி ஆயுளுக்கும் உலோகத்தைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாதாம். நிபந்தனை போட்டது அவனில்லை, சுஹைறா.

ஜூலை 20, ஞாயிறு

வெற்றி! வெற்றி!

பெண்களுக்குப் பயான், அதாவது மார்க்கப் பிரசங்கம், நடக்கும்போது மண்டபத்துக்கு நடுவில் கட்டுகிற திரையைச் சுஹைறா கேட்டு வாங்கி வந்து எங்கள் வீட்டு ஹோலில் கட்டினாள். அந்தப்பக்கம் அவளும், அவளோடு படிப்பிக்கிற றுகையா ரீச்சரும், லைலா ராத்தாவும். லைலா ராத்தா இன்றைக்குச் சட்டி கொண்டுவரவில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் மாதிரி காட்டினோம். நான் என்னுடையதை ஊதி, "இது பித்தளை," என்றேன். அழகரெத்தினம் தன்னுடையதை ஊதி, "இது வெள்ளி," என்றான். அதற்குப் பிறகு சீட்டுக் குலுக்கி, சீட்டில் விழுந்தவன் பேசாமல் ஊத, அவர்கள் எழுத வேண்டும்.

மூன்று பேரும் ஒன்றுகூடப் பிழை விடவில்லை. ஒன்றுகூட! எது நல்லது என்ற கேள்விக்கு மூன்று பேரும் வெள்ளி. மீனுக்கும் ட்ரொம்போனுக்கும் வித்தியாசம் தெரியாத லைலா ராத்தாவின் காதுக்கே பெல்லின் உலோகம் விளங்குகிறது என்றால், இனி என்ன கதை?

அழகரெத்தினம் தலையைச் சொறிந்தான். "நம்பேலாமக் கிடக்கு மச்சான். முப்பது வருசம் ஊதியிருக்கன். எனக்கே தெரியல்ல."

"நீ பெல்லுக்குப் பின்னால நிண்டவன்," என்றேன். எவ்வளவு அறிவான பதில்!

சந்தோசத்தில் சொட்டிக்கொண்டு கிடந்த குசினிப் பைப்பையும் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

வெள்ளி என் மடியில் இருக்கிறது.

அவனே கொண்டுவந்தான். நான் கேட்டதுதான், அதை நான் மறுக்கவில்லை. வெள்ளிதான் நல்லது என்று தீர்ப்பு வந்துவிட்டதால் வெள்ளிதானே மேடைக்குப் போக வேண்டும் என்று நேற்று அவனிடம் சொல்லியிருந்தேன். ஆள் யார் என்பதை நான் தெளிவாகச் சொல்லவில்லை. அவன்தான் சொன்னான்.

"நீ போ மச்சான். நான் ஆக்களோட ஊதி அலுத்தவன். நீ ஒருநாளும் ஊதல்ல. அதுவரைக்கும் உன்ட பித்தளை என்னட்டக் கிடக்கட்டும்."

இந்த மனிசனைப் போல் ஒரு மனிசன் இல்லை. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

வெள்ளி வெள்ளிதான்.

ஜூலை 24, வியாழன்

லைலா ராத்தா நாசமாக்கிவிட்டா.

வேலியடியில் நின்று, அன்றைக்கு நீங்கள் மூவரும் எவ்வளவு கூர்மையாகக் கேட்டீர்கள் என்று நான்தான் புகழ்ந்தேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டினேன்.

"அதுல என்ன கஷ்டம் தம்பி? பிஸ்மி சொன்னாப் பித்தளை. முருகா எண்டா வெள்ளி."

விளங்கவில்லை. திருப்பிக் கேட்டேன். நான் ஒவ்வொரு முறையும் ஊத முன்னம் "பிஸ்மில்லாஹ்" என்கிறேனாம். அவன் ஒவ்வொரு முறையும் "முருகா" என்கிறானாம். திரை துணிதானே, சுவர் இல்லையே. கடை திறக்க, தேத்தண்ணி குடிக்க, படியில் ஏற, எதற்கும் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போனது. நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவன் சொன்னதும் எனக்குக் கேட்கவில்லை. அவனோடு பழகிய பழக்கத்தில் அது எனக்குக் காற்றுச் சத்தம்.

"சரி ராத்தா, அப்ப வெள்ளிதான் நல்லம் எண்டு சொன்னது?"

"அது, முருகா எண்டவர் ஊதினாப் பாட்டு மாதிரிக் கிடந்துது." என் முகத்தைப் பார்த்துவிட்டா. "நீங்களும் நல்லாத்தான் ஊதினீங்க தம்பி. நல்ல சத்தம்."

நல்ல சத்தம்!

உள்ளே போய்ச் சுஹைறாவைப் பிடித்தேன். அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். "மூணு பேரும் எல்லாம் சரி எண்டா அது விடை இல்ல, களவு. கணக்கு ரீச்சருக்கு அது விளங்காதா?"

"அப்ப ஏன் புள்ள சொல்லல்ல?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. பைப்பையும் திருத்தித் தந்தீங்க. நான் எப்பிடிச் சொல்ற?"

ஜூலை 25, வெள்ளி

அழகரெத்தினத்துக்குச் சொல்ல வேண்டுமா? பரீட்சை பிழைத்தால் பிழைத்ததுதான். அதற்காக வெள்ளி நல்லதில்லை என்று ஆகிவிடுமா? அவன் தானாகத்தானே "நீ போ" என்றான். நான் பறித்தேனா? இல்லை. பறிக்கவில்லை. கேட்டேன். கேட்பது குற்றமா?

சொல்லப் போவதில்லை.

ஜூலை 26, சனி

மட்டக்களப்பில் ஒத்திகை. ட்ரம்ஸ், பியானோ, அன்ட்ராடோவின் பேஸ், நான். போகும்போது பஸ்ஸில் வெள்ளியை மடியில் வைத்துப் பிள்ளையைப் போல் பிடித்துக்கொண்டு போனேன்.

அன்ட்ராடோ பெல்லைப் பார்ப்பார், "ஓ, வெள்ளியா!" என்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவே இல்லை. முதல் பாட்டு முடிந்ததும் சொன்னார்: "மிஸ்டர் ஜெஸீம், நீங்க நல்லா ஊதுறீங்க. ஆனா நாங்க நாலு பேரும் ஒரே பாட்டத்தான் வாசிக்கிற. கொஞ்சம் கேளுங்க."

போனுக்கு யார் காது கொடுப்பது? பழக்கமில்லை. இரண்டாவது தடவை கேட்டுக்கொண்டு ஊதினேன். பிறகு கேட்டுக்கொண்டே இருந்து ஊத மறந்துவிட்டேன். பியானோக்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனாலும் ஒரு இடத்தில், நான்கே நான்கு சுரத்தில், எல்லோருடைய சத்தமும் ஒன்றாக வந்து விழுந்தது. அல்லாஹ்வே, அது என்னது! வரும் வழி முழுக்க அந்த இடத்தையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்காரர் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார்.

ஜூலை 27, ஞாயிறு

பாண்டிருப்புக்குப் போனேன். உண்மையைச் சொல்வதற்கு இல்லை. ஸ்லைட்டுக்குப் போடும் எண்ணெய் கேட்க.

அவன் வீட்டுக் கடப்படி வாசலுக்குப் போக முன்னமே றோட்டில் சத்தம் கேட்டது. உள்ளே ஊதுகிறான். பொலிஸ் மார்ச் இல்லை. அறுகம்பை நிகழ்ச்சிக்கென்று அன்ட்ராடோ அனுப்பி, நான் இவனுக்கும் காட்டியிருந்த அதே பாட்டு. ஊதுகிறான், நிற்கிறான், பிழைத்த இடத்துக்குத் திரும்பிப் போகிறான், மறுபடி ஊதுகிறான். ஊதப் போக இடமில்லாத ஒரு பாட்டை யாராவது இப்படிப் பழகுவார்களா? அலுத்தவனாம்! பொய்க்காரன்.

அந்தச் சத்தம் தடித்து, கறுத்து, இனிப்பாய், ஒரு இடத்திலும் உடையாமல் வந்தது. இதுதான் நான் தேடுகிற வெள்ளிச் சத்தம் என்று நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. வெள்ளி என் வீட்டில் கிடக்கிறது. அவன் கையில் இருப்பது என்னுடைய பித்தளை. கீரி மீன் பித்தளை!

றோட்டில் மோட்டார் சைக்கிளில் குந்திக்கொண்டே கேட்டேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என்ட சாமான் என்னட்ட இருக்கக்குள்ள ஏன் இப்பிடிக் கதைக்கல்ல? இவ்வளவு காலமும் எங்க ஒளிச்சி வச்சிருந்த?

எண்ணெய் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

சொன்னேன். பிஸ்மி, முருகா, லைலா ராத்தா, எல்லாம்.

அழகரெத்தினம் சிரித்த சிரிப்பில் கதிரையில் இருந்து வழுகினான். அவன் மனைவி தண்ணீர் கொண்டு ஓடி வந்தா. "முருகா எண்டனா? நானா? ஒவ்வொரு தரமுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் சிரித்தான்.

"நீதான் போக வேணும்," என்றேன். அது என் வாயால் வருவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சிரிப்பு நின்றது. "நீ ஆசப்பட்டது மச்சான்."

"நீ ஆசப்படல்லயா? றோட்டுல நிண்டு கேட்டன்."

முற்றத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பொலிஸில் முப்பது வருசமும் மார்ச்தான் ஊதினானாம். ஜாஸ் ஒருநாளும் ஊத விடவில்லையாம். இதை ஏன் முன்னமே சொல்லவில்லை, விசரன்!

அவன் முன்னாலேயே அன்ட்ராடோவுக்குக் கோல் எடுத்தேன். போனை அவன் பக்கம் நீட்டி, ஊது என்றேன். ஊதினான். அன்ட்ராடோ முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு, "இவரையும் கூட்டிக்கொண்டு வாங்க. மைக் ஒண்டுதான். முதல் பாதி நீங்க, மத்தப் பாதி அவர்," என்றார்.

இவரை*யும்*. அந்த "யும்" கேட்டதும் நான் பட்ட சந்தோசத்தை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று அறுகம்பை. வேனில் நான், சுஹைறா, அழகரெத்தினம், அவன் மனைவி, இரண்டு ட்ரொம்போன். திருக்கோவில் தாண்டும்வரை பெல்லைப் பற்றிச் சண்டை பிடித்தோம். பொத்துவிலில் தேத்தண்ணிக்கு நிறுத்தியும் சண்டை பிடித்தோம்.

முதல் பாதி ஊதினேன். இரண்டு இடத்தில் பிழைத்தேன், ஒரு இடத்தில் நேரத்துக்கு முன்னால் பாய்ந்தேன். பாய்ந்தபோது ட்ரம்ஸ்காரப் பொடியன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானும் என்னோடு பாய்ந்தான். அது பிழை என்று ஒருவருக்கும் தெரியாது. போன் ஒருநாளும் எனக்காகப் பாய்ந்ததில்லை.

பிறகு இறங்கி வந்து மணலில் சுஹைறாவுக்குப் பக்கத்தில் குந்தினேன். அழகரெத்தினம் எழும்பினான். மேடையில் இரண்டு ட்ரொம்போனும் ஒரே தாங்கியில் கிடந்தன. ஒன்றை எடுத்தான். மேடை முழுக்கச் சிவப்பு லைட், பெல் உட்பட எல்லாமே சிவப்பாக இருந்தது. ஊதத் தொடங்கினான். சேர்ஃபிங் பலகையோடு போன வெள்ளைக்காரர்கள் போன இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

சுஹைறா என் காதுக்குள் கேட்டாள். "இஞ்சேருங்க, இது எது? பித்தளையா, வெள்ளியா?"

"தெரியா," என்றேன். "சும்மா கேளு புள்ள."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.