ஆணிக்கு ஒரு ரயில்

கண்ணாடிக் கடையிலிருந்து இன்று மதியம் படத்துக்குச் சட்டம் போட்டு வாங்கி வந்துவிட்டேன். செய்தித்தாள் சுற்றிய பொதி கட்டிலில் கிடக்கிறது. வார்னிஷ் வாசம் அறை முழுக்க நிற்கிறது. நாளை உனக்குத் தலைத்திவசம். காலையில் இதைத் தூக்கிக்கொண்டு சுரக்குடியிலிருந்து கிளிஞ்சல்மேட்டில் உன் வீட்டுக்கு வரவேண்டும். அதற்கு முன் நடந்ததையெல்லாம் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் பாதியிலேயே குறுக்கே விழுந்து கதையைக் கெடுத்திருப்பாய்.

முதலில் ஆணி விஷயம். போன வருடம் வைகாசியில் தனியாக மலைக்குப் போய்விட்டு வந்து உன் வீட்டுக் கூடத்துச் சுவரில் அடித்தாயே, அந்த ஆணி. "இங்க ஒரு ரயில் படம் வருது. அதுவரைக்கும் யாரும் எதையும் மாட்டக் கூடாது" என்று வீட்டில் உத்தரவு போட்டிருந்தாய். ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த அன்று உன் படத்துக்கு மாலை போட்டு அந்த ஆணியில் மாட்டச் சொன்னார்கள் உன் சொந்தக்காரர்கள். உன் மனைவி என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. என்ன செய்யறது?"

"ரயிலுக்குன்னு அவன் அடிச்ச ஆணிம்மா அது. தலைத் தெவசத்துக்குள்ள நான் கொண்டாந்துடுறேன். அதுவரைக்கும் வுட்டு வை."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை. நான் என்றைக்காவது தனியாகப் போய் ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறேனா? கேமரா பையைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வந்தவன்தானே.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நம் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது சித்திரை வைகாசியில்தான். உனக்கு மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கும். எனக்கு வாய்க்காலில் தண்ணீர் இருக்காது, வயல் வெடித்துக் கிடக்கும். மற்றவர்கள் அந்த நாட்களில் வலை பின்னுவார்கள், கல்யாணம் காட்சிக்குப் போவார்கள். நாம் மயிலாடுதுறையில் ரயிலேறி மேட்டுப்பாளையம் போய், நீலகிரி மலை ரயிலுக்காக வெயிலில் நிற்போம். நீராவி இன்ஜினைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று கேட்டவர்களிடம் போன தடவை எடுத்த படங்களை நீட்டுவாய்.

முதல் வருடம் நாம் பட்ட அசிங்கம் நினைவிருக்கிறதா? ரயில் வளைந்து வரும் இடமாகப் பார்த்து, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு இன்ஜினுக்காகக் காத்திருந்தோம். வளைவில் முதலில் வந்தது ஒரு பெட்டி. அதன் முன்னால் ஒருவர் கையில் கொடியோடு நின்றிருந்தார். "இன்ஜினயே காணுமேடா" என்று நீ கேமராவைக் கீழே இறக்கினாய். நானும் எட்டிப் பார்த்தேன். பெட்டிகளெல்லாம் போன பிறகு, கடைசியில், பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனது இன்ஜின். ஏற்றத்தில் அப்படித்தான் தள்ளும் என்று நமக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நம் முகத்தில் புகையை அடித்துவிட்டுப் போய்விட்டது. கரி படிந்த மூக்கோடு நீ சொன்னாய்: "பரவால்ல மாப்ள. நாளையிலேர்ந்து வாலுக்குக் காத்திருப்போம்."

அதற்குப் பிறகு எத்தனை வருடம். தண்டவாளத்தை ஒட்டி நிற்கவே விடமாட்டாய். "ரயிலு முழுசா தெரியணும்னா ரயில வுட்டுத் தள்ளி நிக்கணும்" என்பாய். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் தோட்டக்காரர்களிடம் அனுமதி கேட்டு ஏறுவோம். நல்ல இடம் கிடைத்தால், கடலில் மீன் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது போலவே அதையும் குறித்துக்கொள்வாய். நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் ஒரு கோபுரமும் ஒரு மரமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிய வேண்டும். வேறு பக்கம் இன்னொரு சோடி அதே போலச் சேர வேண்டும். இரண்டும் சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான். போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளலாமே என்றால், "போன் தண்ணில வுழுந்தா?" என்பாய். மலையில் ஏதடா தண்ணீர் என்று கேட்டு அலுத்துவிட்டேன்.

நீ ஆசைப்பட்டது ஒரே ஒரு படம். பாலத்தின்மேல் முதல் பெட்டியிலிருந்து கடைசியில் இருக்கும் இன்ஜின் வரை முழு ரயிலும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும், புகை கலையாமல் நிற்க வேண்டும். போன வருடம் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் என் போர்செட் மோட்டார் எரிந்துபோனதால் நான் வரவில்லை. நீ தனியாகப் போய் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாய். ஆனால் படம் எடுக்காமலே திரும்பி வந்தாய். ஏனென்று கேட்டதற்கு, "நீ இல்லாம எடுத்து என்னத்துக்கு? அடுத்த தடைக்காலத்துக்குப் போவோம்" என்றாய். ஒரு மோட்டாருக்காக வராமல் போனேனே என்று இந்த ஒரு வருடமும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

உன் கேமரா பையை உன் மனைவி என்னிடம் கொடுத்தாள். உள்ளே ஒரு சீட்டு. கல்லாறு தாண்டி எந்தத் தோட்டம் என்பதை எழுதிவிட்டு, கீழே இரண்டே வரி: "கோயில் உச்சி ரெட்டப் பாறைக்கு நடுவுல. தண்ணித் தொட்டி ஒத்த மரத்துக்கு மேல."

இந்த வைகாசியில் அந்தச் சீட்டோடு போனேன். முதல் நாள் அந்தத் தோட்டத்துச் சரிவு முழுக்க ஏறி இறங்கினேன். எதிரே பாலம் தெரிந்தது. பாலத்துக்கு மேலே, கீழே, பக்கத்தில் எங்கே பார்த்தாலும் காடுதான். கோயிலும் இல்லை, தொட்டியும் இல்லை. ரயில் தன் பாட்டுக்குப் போனது. இரண்டாம் நாளும் அதே கதை. முழங்கால் வீங்கிவிட்டது. அட்டைக் கடி வேறு. ஊருக்குத் திரும்பி உன் மனைவியிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது, திரும்பக் கூடாது என்ற பிடிவாதம்தான் வந்தது. படம் கிடைக்கும்வரை மேட்டுப்பாளையத்தை விட்டு நகர்வதில்லை என்று லாட்ஜில் இன்னும் நான்கு நாள் சொல்லி வைத்தேன்.

தோட்டத்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் சீட்டைக் காட்டினேன்.

"பாலத்துப் பக்கம் கோயிலு ஏதுங்க? அங்க ஆனைதான் இருக்குது" என்றார்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒருமுறை உன் படகில் வந்தது ஞாபகம் வந்தது. நான் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். படகு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நீயோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். "மாதா கோயில் கோபுரம் லைட் ஹவுஸோட வந்து சேரட்டும்" என்றாய். கடலில் எதைப் பார்த்து இடம் பிடிப்பது? அடையாளமெல்லாம் பின்னால் கரையில்தானே இருக்கிறது. வயலில் நிற்கிற எனக்கு வரப்பும் வாய்க்காலும் கண் முன்னால் கிடக்கும். அதனால்தான் இரண்டு நாளும் பாலத்தைப் பார்த்தபடியே தேடியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் சரிவுக்குப் போய்ப் பாலத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். மேலே, இரண்டு நாளும் நான் தலை தூக்கிப் பார்க்காத பக்கத்தில், இரண்டு பாறைகள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலின் உச்சி. தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டி. பின்பக்கமாகவே அடி அடியாக நகர்ந்தேன். கோயில் உச்சி பாறைகளின் நடுவில் வந்து நின்றது. இன்னும் நாலு அடி வைத்ததும் தொட்டி ஒற்றை மரத்தின் தலைக்கு மேல் ஏறியது. அப்போது என் முழங்கையில் ஏதோ உரசியது.

ஒரு செடி. அதன் தண்டில் நீல நைலான் வலை நூல். உன் முடிச்சு. அதிலிருந்து ஓர் ஆள் நிற்கிற தூரத்தில் இன்னொரு செடி. அதிலும் நீல நூல், அதே முடிச்சு. ஒரு ஆள் நிற்பதற்கு ஒரு அடையாளம் போதும். இரண்டாவது யாருக்கு என்று நான் யோசிக்கவே தேவையில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, ஒரு வருடத்துக்கு முன்பே எனக்கு இடம் பிடித்துவிட்டு வந்திருக்கிறாய். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் யாரும் இல்லை; இருந்திருந்தாலும் அழுதிருப்பேன்.

ரயில் வந்தது. முதல் பெட்டி பாலத்தில் ஏறியது. பொத்தானை அழுத்தவில்லை. வாலுக்குக் காத்திருந்தேன். இன்ஜின் பாலத்துக்குள் முழுசாக வந்த பிறகுதான் அழுத்தினேன். புகை நேராக நின்றது.

நாளை படத்தை அந்த ஆணியில் நானே மாட்டுகிறேன். உன் படத்தை மாட்ட எதிர்ச்சுவரில் வேறு ஆணி அடிக்கச் சொல்லி உன் மனைவியிடம் பேசிவிட்டேன். "அப்பன்னா அவரு ரயிலப் பாத்துக்கிட்டே இருப்பாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நூல் ஒன்றை அவிழ்த்து வந்து கேமரா வாரில் கட்டிக்கொண்டேன். அது எனக்கு நீ பிடித்து வைத்த இடம். மற்றதை அவிழ்க்கவில்லை, அது உன் இடம். அடுத்த தடைக்காலத்திலும் அதற்கு அடுத்ததிலும் போவேன், முழங்கால் எவ்வளவு வீங்கினாலும் போவேன். அந்த இடத்தில் வேறு யாரையும் நிற்க விடமாட்டேன்.