பின்சீட்டில் உட்கார்ந்த இன்சூரன்ஸ்காரர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்றரை ஆள் நலம், குறைகிற அரை ஆள் உன் அப்பா. நீ அங்கே முழுசாக இருக்கிறாயா என்று எழுது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. போட்டோவில் பார்த்துவிட்டு "சூப்பரா இருக்கும்மா, எந்தக் கடை?" என்று கேட்டாயே ஒரு சோபா, அது நம் காரின் பின்சீட்டு. ரிப்பேருக்கு வருகிற வாஷிங் மெஷின்களை ஏற்ற இடம் வேண்டும் என்று அப்பா அதைப் பெல்ட்டோடு கழற்றிக் கூடத்தில் போட்டார், நானும் மேலே பூப்போட்ட விரிப்பை விரித்து உன்னிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்தப் பவிசுதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. போன வாரம் ஒரு வீட்டிலிருந்து வாஷிங் மெஷினை ஏற்றிக்கொண்டு ரிப்பேர் கடைக்குத் திரும்பும்போது, தெருமுனையில் ஸ்கூட்டரில் வந்த ஒரு தையல்கார அம்மாவை அப்பா இடித்துவிட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, கத்தரி பிடிக்கிற கை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று அப்பா தைரியமாகத்தான் இருந்தார். விசாரிக்க இன்சூரன்ஸிலிருந்து வீட்டுக்கு ஒருவர் வந்தார், நல்ல மனுஷன், டீ கொடுத்தேன், அந்த சோபாவில்தான் உட்கார்ந்தார். பேசிக்கொண்டே பக்கத்தில் தொங்கிய சீட் பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். "ஏங்க, இதைக் கழட்டிட்டு வண்டியில என்னத்த ஏத்துறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். உன் அப்பாவுக்குப் பொய் வராது, கல்யாணமான நாளிலிருந்து நானும் பழக்கிப் பார்க்கிறேன். "வாஷிங் மெஷின் சார், நாலு வருஷமா" என்றார், கேட்காத வருஷத்தையும் சேர்த்து. நம்முடையது சொந்த உபயோகத்துக்கு மட்டும் போட்ட பாலிசியாம், வேலைக்கு ஓட்டினால் முன்னமே சொல்லி அதையும் சேர்த்திருக்க வேண்டுமாம். அதெல்லாம் டாக்ஸிக்காரர்களுக்கு என்று அப்பா நினைத்திருந்தார். "நான் என்ன ஆளையா ஏத்துறேன்?" என்று இன்னும் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடை முதலாளியோ "வண்டி உங்களுது, எங்கிட்ட ஏன் வர்றீங்க?" என்று கையை விரித்துவிட்டார். இன்சூரன்ஸும் கைவிட்டால் அந்த அம்மாவின் வைத்தியத்துக்குக் காரை விற்க வேண்டியதுதான், கார் போனால் அப்பாவின் வேலையும் போகும். பதிலுக்குக் காத்திருக்கிறோம். அப்பா தினமும் அந்த அம்மா வீட்டு வாசலில் போய் நிற்கிறார். "நீங்க வந்து நின்னா எலும்பு கூடிருமாண்ணே? போய்ப் பொழப்பைப் பாருங்க" என்று அவளே விரட்டுகிறாள். அப்பா வீட்டுக்கு வந்து தட்டில் கையை வைத்து அளைகிறாரே தவிர வாய்க்குப் போவதில்லை. நான் கிண்டல் பண்ணினால்கூட மல்லுக்கு நிற்பதில்லை.

நீயும் உன் காரில்தானே வீடு வீடாக ரத்தம் எடுக்கப் போகிறாய். "எனக்கு எல்லாம் தெரியும்மா" என்று சொல்லாதே, அப்பாவும் அதையேதான் சொன்னார். உன் இன்சூரன்ஸில் கேள், வேலைக்கும் ஓட்டுகிறேன் என்று வாயைத் திறந்து சொல், அதையும் சேர்த்து எழுத்தில் வாங்கு. அவர்கள் தலையாட்டினால் போதாது, மாடும்தான் தலையாட்டும். அடிபடாமல், யாரையும் அடிக்காமல், ஊசி குத்திக்கொள்கிறவர்களே வாழ்த்தும்படி நன்றாக இரு தாயே. கேட்டதும் எனக்குப் போன் பண்ண மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற வாயாடி

பி.கு.: கார் நிற்பதால் அப்பா பஸ்ஸில் போகிறார். இன்று காலை ஒரு மெஷின் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு போனாராம். அது உருண்டு அவருக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கிவிட்டது.