பிடிக்கும் என்று சொல்ல நான்கு பக்கம்

இன்று காலை தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் உன்னைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். உன் படத்துக்குக் கீழே, உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில், நாம் இத்தாலியன் படித்த பயிற்சி மையத்தின் பெயர். அதற்கும் கீழே ‘அட்மிஷன் நடைபெறுகிறது’. பசை காய்வதற்குள் கிழித்துப் போட்டேன். செத்தவளைக்கூட விடவில்லை, மையத்தை நடத்தும் அந்த ஆள்.

அவருக்கு இத்தாலியன் தெரியாது என்று கண்டுபிடிக்கவே நமக்கு ஒரு மாதம் ஆயிற்று. கையில் இருந்தது ஒரே புத்தகம், இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதிய இத்தாலிய இலக்கணம். அவர்களுக்கு எதெல்லாம் கஷ்டமோ அதெல்லாம் நமக்கும் கஷ்டம் என்று அதட்டி அதட்டிப் பாடம் நடத்தினார். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது இத்தாலியனில் ‘மி பியாச்சே’. ‘நான் விரும்புகிறேன்’ என்றே சொல்லிப் பழகிய இங்கிலீஷ்காரர்களுக்கு அது தலைகீழாம். நான்கு பக்கம் புலம்பியது புத்தகம். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நர்ஸ் யூனிபார்மோடு வந்து உட்கார்ந்த நாம் அந்தப் புலம்பலையும் மனப்பாடம் செய்தோம். நீதான் எழுந்தாய்.

“சார், எனக்குப் பிடிக்கும்னு நாம சொல்றதுதானே இது? ‘மி’ன்னா எனக்கு. அவ்வளவுதானே?”

“இங்கிலீஷே தகராறு. தமிழ்லதான் படிப்பேன்னா, ஊர்லயே நாத்து நட்டிருக்கலாமேம்மா.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஆளை இளக்காரமாக நினைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் நினைவுக்கு வந்து என்னையும் சேர்த்தே இளக்காரம் செய்கிறது.

திருவையாறு பஸ்ஸில் நான் சிரித்ததைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. “‘பேசறேன்’னாலே போதும், ‘நான்’னு தனியா சொல்லணுமா? இத்தாலியன்ல ‘பார்லோ’வும் அப்படித்தான்டி” என்று எனக்குப் பாடம் எடுத்தாய். நான் நம்பவில்லை. புத்தகத்தை நம்பினேன்.

நீ மொழிப் பரீட்சையில் முதல் தடவையே தேறி, இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாய். நான் தேறவில்லை. உன் முதல் விடுப்பில் நாம் பார்த்தபோது மையத்தின் வாசலில் உன் படம் பேனராகத் தொங்கியது, ‘எங்கள் மாணவி’ என்று. நேரே உள்ளே போய், இத்தாலியனில் நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னாய். அவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

“இங்கிலீஷ்ல சொல்லும்மா.”

“என் படத்த எடுத்துடுங்கன்னு சொன்னேன் சார். இதுக்கு எதுக்கு இங்கிலீஷ்?”

அன்றே எடுத்தார். திரும்ப ஒட்ட, நீ சாகும்வரை காத்திருந்திருக்கிறார்.

பிறகு நீ போனிலேயே சொல்லிக்கொடுத்து நானும் தேறினேன். உன் இல்லத்துக்கே வேலைக்கு வந்தேன். இந்த முறை விடுப்பில் சேர்ந்தே ஊருக்கு வந்தோம். உனக்கு மூன்று நாள் காய்ச்சல். முடிந்துவிட்டது.

உன்னை எரித்த மறுநாள், அங்கே நீ குளிப்பாட்டிவிடும் கிழவி எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அழுகைக்கு நடுவே இரண்டே சொல்தான் புரிந்தது. ‘மி மான்கா.’ புத்தகத்தில் இதற்கும் ஒரு எச்சரிக்கைக் கட்டம் உண்டு: இங்கிலீஷ்காரர்கள் கவனிக்கவும், வரிசை மாறி வரும், குழம்ப வேண்டாம்.

எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. எனக்கு அவள் இல்லை என்கிறாள் கிழவி. எனக்கும்தான் நீ இல்லை.