எழுகுரல் என்ற சொல்லில் விடுபட்ட புள்ளி

தைத் திங்கள் பதினொன்றாம் நாள், கருந்துறையில் மூடுபனி விலகி இரண்டு நாழிகை கழிந்த பொழுது எழுதிய ஓலை.

நலம் நிறைக. எழுகடலும் கேட்கும் புகழுடையவரும், மலைநாட்டையும் கடல்நாட்டையும் ஒரே குடையின்கீழ் வைத்தவரும், சொன்ன சொல்லை மறுமுறை சொல்லாதவருமாகிய வேந்தர் நெடுஞ்சேந்தர் திருமுன்பு, திருவோலை எழுதும் தத்தன் பணிந்து விடுப்பது. கோட்டையில் விளக்குக் குறையாதிருக்க. களஞ்சியத்தில் நெல் குறையாதிருக்க. தேவியார் நலமுடன் வாழ்க. கருந்துறையில் குடிகள் நலம். இன்று காலை முதல் கலங்களும் நலம்.

வழக்கை விசாரிக்க அனுப்பப்பட்ட தத்தன், வழக்கில் தானும் ஓர் ஆள் என்று இங்கே வந்துதான் கண்டான். ஆகவே இவ்வோலையில் மற்றவரை எழுதுவது போலவே தன்னையும் பெயர் சொல்லி எழுதுகிறான். சாட்சி மொழியைத் திருத்தாமல் எழுதுவது ஓலைச்சாலையின் விதி. சிலர் பேச்சு அவர்கள் பேசியபடியே வரும். வேந்தர் பொறுத்தருள்க.

மூன்றாண்டுகளுக்கு முன் வேந்தர் இத்துறைக்கு எழுந்தருளினார். கலங்கரைக் குன்றின்மேல் நின்று கடலை நெடுநேரம் நோக்கினார். இத்துறைக்கு ஓர் எழுகுரல் வேண்டும் என்று அருளினார். வேறு எதுவும் சொல்லாமல் குதிரை ஏறினார். பின்னால் நின்ற தத்தன் அச்சொல்லை ஓலையில் ஏற்றினான். வேந்தர் வாய்மொழியை இரண்டாம் முறை கேட்பது நம் அவையில் வழக்கமில்லை, அவனும் கேட்கவில்லை. மூடுபனியில் கலங்களைக் கரைக்கு அழைப்பதற்கு, தாழத் தொடங்கி மேலே எழும் குரலுடைய கொம்பு ஒன்று வேண்டும் என்று அவன் பொருள் கொண்டான். துறைத்தலைவர் எயினனும் அப்படியே கொண்டார். ஓலை, வெண்கலம் வார்க்கும் கொற்றியின் பட்டறைக்குப் போயிற்று. உருக்கி வார்ப்பதற்காகத் துறையின் பழைய மணிகள் பதினான்கும் அதனோடு போயின.

மூன்று பனிக்காலம் துறை மணியின்றி இருந்தது. சென்ற ஆண்டு ஒரு படகு பாறையில் மோதிப் பாய்மரம் இழந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இவ்வாண்டு மார்கழி முடிவில் கொற்றி, வேலை முடிந்தது என்று ஆள் அனுப்பினாள். கொம்பை எடுத்து வர வண்டியோடு போன எயினன், கொம்பைக் காணவில்லை. ஏழு குரலில் பாடும் பெட்டி ஒன்றைக் கண்டார். அரசாணையை மீறியவர் உலை அவிக்கப்படும் என்பது சட்டம். அவித்த உலையில் அந்தக் குடும்பம் மறுபடி நெருப்பு மூட்டக் கூடாது. எயினன் முறையிட்டார். வேந்தர் தம் கணையாழியைத் தந்து, கண்டு தீர்த்து வா என்று தத்தனை அனுப்பினார்.

தத்தன் தை ஏழாம் நாள் பட்டறைக்குள் நுழைந்தான். கொற்றிக்கு நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை தீத்தழும்பு. அவள் வணங்கினாள், ஆனால் அஞ்சியதாகத் தெரியவில்லை. கணவன் ஆதன் துருத்தியின்மேல் கால் வைத்து நின்றான்.

கருவியைப் பற்றி வேந்தர் அறிய வேண்டும். நெஞ்சளவு உயரமுள்ள பலாமரப் பேழை அது. பின்னால் இரண்டு துருத்திகள். மிதிக்க ஓர் ஆள் போதும். முன்னால் விரலகலக் கட்டைகள் ஒரு வரிசை. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு குரல் எழும். ஏழு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஏழு குரலும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒலிக்கும். எட்டாவதை அழுத்தினால், முதலில் வந்த குரல் தானே அடங்கிப் புதியதற்கு வழிவிடும். தத்தன் இதைப் பலமுறை சோதித்தான். சோதனை என்று சொல்லிக்கொண்டு பத்தாம் முறை அழுத்தியபோது ஆதன் சிரித்ததால் கையை எடுத்தான்.

ஒவ்வொரு குரலுக்கும் காற்றில் அதிரும் இரண்டு வெண்கல நாக்குகள். ஒன்றை மற்றொன்றிலிருந்து மயிரிழை விலக்க ஒரு முளை உண்டு. விலக்கினால் குரல் பிளவுபடுவதில்லை; தடித்து, மெல்ல அலைகிறது. நாக்குகளுக்கு மேல் ஒரு மரக்கதவு. அதை மூடினால் அடுத்த வீட்டில் யாரோ பாடுவது போலிருக்கும். திறக்கத் திறக்க அந்த ஆள் வாசல் தாண்டி வந்து முகத்துக்கு எதிரே நிற்பார். காற்று வரும் வழியில் ஒரு தோல் அடைப்பு. அதைத் தளர்த்தினால் குரல் மெல்ல வந்து மெல்லப் போகும். இறுக்கினால் பலகையில் தட்டியது போல வந்து உடனே நின்றுவிடும். பக்கத்தில் கோணலான சக்கரம் ஒன்று காற்றில் சுழல்கிறது. அதைக் கதவோடு பிணைத்தால் கதவு ஆடும். நாக்கோடு பிணைத்தால் குரல் நடுங்கும். இன்னொரு நீண்ட இழுகோல் உண்டு. அதை இழுத்துப் பிடித்தால், ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குக் குரல் தாவாது, வழுக்கிக்கொண்டு போகும்.

முளைகள் மொத்தம் முப்பத்தெட்டு. ஒரு நாள் கண்டுபிடித்த ஒலியை மறுநாள் எப்படித் திரும்பப் பிடிப்பது என்று தத்தன் கேட்டான். கொற்றி ஒரு மரச்சீப்பை எடுத்துப் பேழையின் பக்கத்தில் செருகி அழுத்தினாள். முப்பத்தெட்டு முளைகளும் ஒரே தட்டில் இடம் மாறி நின்றன. பிடித்த ஒலி கிடைத்ததும், முளைகள் நின்ற அளவுக்கு அவள் சீப்பில் பல் வெட்டிவிடுகிறாள். அப்படிப் பன்னிரண்டு சீப்புகள் சுவரில் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு: ஈர மணல், பக்கத்து வீடு, மாமியார். மாமியார் என்ற சீப்பைச் செருகியபோது எழுந்த ஒலியை எழுதிக் காட்டத் தத்தனால் இயலாது. ஆதன் மட்டும் வெளியே போய்விட்டான்.

உடன் வந்த எயினன் இவற்றையெல்லாம் கை கட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னது இது: “ஊதினா படகு வரணும். இதை ஊதினா கல்யாண ஊர்வலம்தான் வரும். ராசா கொம்பு கேட்டாரு. இந்தம்மா கச்சேரி பண்ணி வெச்சிருக்கு.”

கொற்றி சொன்னது: “ஓலையில ஏழுன்னு இருந்துச்சு, ஏழு செஞ்சேன். ஆறு செஞ்சிருந்தா நீங்க கேக்கலாம்.”

தத்தன் ஓலையைக் காட்டச் சொன்னான். அவள் அதை உலைச்சாம்பல் படாமல் மூங்கில் குழலில் வைத்திருந்தாள். விரித்தான். அது அவன் கையெழுத்து.

வேந்தர் அறிந்ததே: நம் எழுத்தில் எகரத்தின் மேல் புள்ளி இட்டால் குறில், இடாவிட்டால் நெடில். ஓலையில் எழுதுவோர் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடும். பின்னாளில் அங்கேதான் கிழியும். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார் என்பது எங்கள் நம்பிக்கை. எழுகுரல் என்று கேட்டதைத் தத்தன் புள்ளியின்றி எழுதினான். கொற்றி கண்ணில் பட்டபடி ஏழுகுரல் என்று படித்தாள். அவள் படித்ததில் பிழையே இல்லை.

தத்தன் உடனே அதைச் சொல்லவில்லை. அன்றும் அடுத்த இரண்டு நாளும் சொல்லவில்லை. அரசர் சொல்லைச் சிதைத்த ஓலைக்காரன் எழுத்தாணியைக் கீழே வைக்க வேண்டும்; இருபத்திரண்டு ஆண்டுகள் அவன் கையில் வேறெதுவும் இருந்ததில்லை. இதற்கிடையில் எயினன், பெட்டியை உடைத்து வெண்கலத்தை உருக்க எட்டு ஆட்களைப் பதினொன்றாம் நாள் காலைக்கு ஏற்பாடு செய்தார். கொற்றி அதைக் கேட்டும் வேலையை நிறுத்தவில்லை. பதின்மூன்றாம் சீப்புக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தாள். உடைக்கப் போகும் கருவிக்கு எதற்குச் சீப்பு என்று தத்தன் கேட்டான். அவள் சொன்னாள்: “ஒலி கிடைச்சிருச்சு. வெட்டாம விட்டா மறந்துருவேன்.”

பத்தாம் நாள் மாலை அவன் கொற்றியையும் எயினனையும் அழைத்துப் பிழை தன்னுடையது என்று சொன்னான். கொற்றி முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். “ஒரு புள்ளிக்கு மூணு வருசமா! ஐயா, நல்ல வேளை நீங்க நூறுன்னு எழுதல.” எயினன் சிரிக்கவில்லை. பிழை யாருடையதாயினும் துறைக்குக் கொம்பு இல்லை என்றார். அதுவும் உண்மையே.

இன்று விடிந்தபோது குன்றின் அடி தெரியவில்லை. அத்தனை பனி. மூன்று மீன்படகுகள் உள்ளே வர வேண்டும், பதினொரு பேர். சங்கு ஊதினார்கள். சங்கொலி பாறையில் பட்டுத் திரும்பிப் பாறைப் பக்கமிருந்தே கேட்டது. படகோட்டிகளின் கூவல் அந்தப் பக்கமாக நகர்ந்தது. எயினன் பட்டறைக்கு ஓடி வந்தார். தலைப்பாகை வழியில் எங்கோ விழுந்திருந்தது. உன் பெட்டிக்கு உரக்கக் கத்தத் தெரியுமா என்று கேட்டார்.

பேழையை உடைக்க வந்த எட்டு ஆட்களே அதைத் தூக்கிக் குன்றின்மேல் வைத்தார்கள். ஆதன் துருத்தியில் ஏறினான். கொற்றி சீப்பு எதையும் செருகவில்லை. ஏழு குரல்களையும் ஒரே சுருதிக்குத் திருப்பினாள். பிறகு ஒவ்வொன்றையும் அடுத்ததிலிருந்து மயிரிழை விலக்கினாள். பதினான்கு நாக்குகளும் ஒரே கட்டையில் வந்து நின்றன. கதவு முழுவதும் திறந்தாள். இழுகோலைத் தத்தன் கையில் கொடுத்தாள். “பிடிங்க ஐயா, விட்றாதீங்க” என்றாள். அடிக்கட்டையை அழுத்தி, மேற்கட்டைக்குப் போனாள்.

ஏழும் ஒரே குரலாக அடியிலிருந்து கிளம்பி, வழுக்கி, மேலே எழுந்தன. தத்தனின் பற்கள் அதிர்ந்தன. சங்கொலி மெலிந்து ஓரிடத்திலிருந்து வந்தது. இது குன்றையே தூக்கியது போல வந்தது. பாறையில் பட்டுத் திரும்பிய ஒலி மங்கலாகவும், குன்றிலிருந்து போனது தடித்தும் இருந்ததால், எது கரை என்பதில் ஐயமில்லை என்று படகோட்டிகள் பின்னர் சாட்சி சொன்னார்கள். முப்பது முறை ஒலித்தார்கள். மூன்று படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மணலில் ஏறின. பதினொரு பேரும் இறங்கினர்.

எயினன் மணலில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வந்ததும் சொன்னார்: “இதை முதல்லயே பண்ணியிருக்கலாமே!”

கொற்றி சொன்னாள்: “எழுன்னு முதல்லயே எழுதியிருக்கலாமே.” சொல்லிவிட்டுத் தத்தனைப் பார்க்காமல் இருந்தது அவள் பெருந்தன்மை.

இதன்பின் ஒரு சிறு பூசல் எழுந்தது. முளைகள் இப்போது நிற்கும் நிலையிலேயே ஆணி அடித்துவிட வேண்டும், எவர் கையும் பட்டுக் கலைந்துவிடக் கூடாது என்றார் எயினன். ஆணி அடித்தால் ஏழும் போய்விடும், ஒன்றுதான் மிஞ்சும் என்றாள் கொற்றி. எயினன், ஒன்று போதும் என்றார். அவள் ஒரு புதிய சீப்பை எடுத்து, முளைகள் நின்ற அளவுக்குப் பல் வெட்டி, அவர் கையில் கொடுத்தாள். பனி வந்தால் செருகுங்கள், அழுத்துங்கள் என்றாள். எயினன் அதை மூன்று முறை செருகிப் பார்த்தார். மூன்று முறையும் அதே குரல் எழுந்தது. பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தச் சீப்புக்கு அவள் இட்ட பெயர் எயினன். அவருக்கு அது பிடித்திருக்கிறது என்றே தத்தன் கருதுகிறான்.

இப்பொழுது இதை எழுதும்போது பனி இல்லை. பேழை இன்னும் குன்றின்மேல்தான் இருக்கிறது. படகிலிருந்து இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகாமல் சுற்றி நிற்கிறார்கள். கொற்றி பதின்மூன்றாம் சீப்பைச் செருகி வாசிக்கிறாள். மெல்ல வந்து மெல்லப் போகும் ஒலி அது. துருத்தியில் ஆதனுக்குப் பதில் ஒரு படகோட்டி ஏறியிருக்கிறான்.

ஆகவே, வேந்தர் கணையாழி தந்த அதிகாரத்தின்படி தத்தன் இட்ட கட்டளை: கொற்றியின் உலை அவியாது. பேழை உடையாது, அதில் ஆணி ஏறாது. பனி நாளில் அது துறையின் சொல் கேட்கும். தெளிந்த நாளில் கொற்றியின் சொல் கேட்கும். இதற்கு மாறாகச் செய்பவர் வேந்தருக்கு விடை சொல்லக் கடவர்.

இவ்வோலையில் வேந்தர் காணும் துளைகள் செல்லரித்தவை அல்ல. அவை புள்ளிகள். இனி ஓலை கிழிந்தாலும் கிழியட்டும். தத்தனின் எழுத்தாணி இதனோடு கட்டி அனுப்பப்படுகிறது. வேந்தர் திருப்பித் தந்தால் பெற்றுக்கொள்வான். தராவிட்டால், துருத்தி மிதிக்க ஆள் தேவை என்று ஆதன் சொல்லியிருக்கிறான்.

கடலும் குன்றும் சான்றாக, மீன் பொறித்த அரக்கு முத்திரை இட்டு, தத்தன் விடுத்த ஓலை முற்றிற்று. வேந்தர் குடை நிழல் நீள்க.

முத்திரைக்குப் பின், மேலே சுற்றிய ஓலையில், கொற்றியின் வார்ப்பூசியை இரவல் வாங்கித் தத்தன் எழுதுவது: முத்திரை இடும் முன் விதிப்படி ஓலையை அனைவர் முன்னும் படித்தான். அனைவரும் ஒப்பினர். அரக்கு உலர்ந்தபின் கொற்றி ஒன்று கேட்டாள். சொன்ன சொல்லை வேந்தரிடம் மறுமுறை கேட்பது வழக்கமில்லை. ஆகவே அவள் கேட்டதை மட்டும் எழுதுகிறான்:

“ஐயா, தொடக்கத்துல எழுகடல்னு படிச்சீங்களே, அது ஏழு கடல்தானே? அப்போ ராசா எழுகுரல்னு கேட்டது எதை?”