பானெட்டில் ரெண்டு தட்டு

பாப்பா,

நான் பஸ்ல போறேன். மெக்கானிக் பத்து மணிக்கு வருவார். கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு.

மேஜையில இருக்கிற ஆயில் ஃபில்டரைத்தான் மாட்டச் சொல்லு. அவர் பையிலிருந்து வேற எதையாவது எடுத்தா விடாதே. நாலு கடை ஏறி இறங்கி வாங்கினது. கையில எடுத்துப் பாரு, கனம் தெரியும். உள்ளே இருக்கிற ரப்பரை அமுக்கினா மெத்துன்னு போய்த் திரும்ப வரும். தக்காளி பொறுக்கிற மாதிரி அமுக்குறீங்களேம்மான்னு கடைக்காரர் சிரிச்சார். அந்த ரப்பர் இறுகிப்போனா ராத்திரி முழுக்க எண்ணெய் கீழே வடிஞ்சுடுமாம். அதான் காலையில ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜின் டக் டக்குன்னு தட்டுதாம்.

நேத்து நீயும் அதைத்தான் சொன்னே. சரிதான். ஆனா உங்கப்பா இருந்தவரைக்கும், நான் வண்டியைக் கிளப்பினா பானெட்டை ரெண்டு தட்டுத் தட்டித்தான் அனுப்புவார். அவர் போய் எட்டு மாசமா தினமும் காலையில அதே ரெண்டு தட்டு. அது அவர்தான்னு நான் சொன்னதுக்கு, உனக்கென்ன பைத்தியமான்னு கேட்டே.

சாதம் குக்கர்ல இருக்கு. சாப்பிடாம இருந்துடாதே.

அம்மா

பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுடாதே. எண்ணெயை வடியவிட்டு, துணியில சுத்தி என் அலமாரியில வை.

இன்னொண்ணு. நாளைக்குக் காலையில வண்டியை நீயே ஸ்டார்ட் பண்ணு, நான் சமையல் ரூம்லயே இருக்கேன். சத்தம் நின்னுருச்சுன்னா எங்கிட்ட சொல்லாதே. நிக்கலைன்னா மட்டும் கூப்பிடு.