தாலியில் ஒட்டிய பூச்சி

24-6-97, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். நாத்தனார் கௌரியோடு அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடை. படிக்குப் படி மஞ்சள், குங்குமம். வேண்டுதல் ஒன்றுதான். குவைத்துக்குப் போன என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்க வேண்டும். பொங்கலுக்கு அப்புறம் கடிதம் இல்லை, போன் இல்லை.

கடைசிப் படியில் வைத்த குங்குமத்தைத் தொட்டுத் தாலியில் ஒற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். நான் வைத்தது மழையில் கரைந்து ஓடிவிட்டது. ஓரத்தில் ஒரு பொட்டு மட்டும் நல்ல சிவப்பாக. எடுத்துத் தாலியில் அழுத்தினேன். மெத்தென்று இருந்தது. பிறகுதான் விரலில் கால்கள் தட்டுப்பட்டன. பூச்சி. நசுங்கிவிட்டது.

"இன்னா அண்ணி, பூச்சியக்கூட வுட மாட்டியா?" கௌரி சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

முழங்கால் வலி. லட்டு அடியில் ஈரம்.

26-6-97, வியாழன்
ஊர் திரும்பியாயிற்று. நகரியில் கரண்ட் இல்லை. தறி ஓடவில்லை, தறிக்கு நூல் தார் சுற்றும் என் வேலையும் இல்லை. தாலிக் கயிற்றில் கறை, தேய்த்தும் போகவில்லை.

என்ன பூச்சி அது? மிளகைவிடப் பெரிது. ரத்தச் சிவப்பு. உடம்பெல்லாம் வெல்வெட் துணி மாதிரி. பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டாயிற்று. பக்கத்துத் தறிக்காரர் மூட்டைப்பூச்சி என்கிறார். கௌரி சிலந்திக்குட்டி என்கிறாள். தறி மேஸ்திரிக்கு எரிச்சல். "இத்தயே கேட்டுக்கினு இரு. கரண்ட் வந்தா தார் யாரு சுத்துவாங்க?"

தாலியில் ஓர் உயிர் போனால் என்ன அர்த்தம் என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. பயம். சோறு இறங்கவில்லை. செத்துவிட்டாரோ என்றே ஓடுகிறது மனசு.

28-6-97, சனி
மலையடிவாரத்திலிருந்து கீரை கொண்டுவரும் தெலுங்குக்காரம்மா, நான் சொல்லி முடிக்கும் முன்பே, "அதி ஆருத்ர புருகு அம்மா" என்றாள். ஆருத்ரப் பூச்சி. ஆனி மழை விழுந்ததும் மண்ணைவிட்டு வெளியே வருமாம். கடிக்காதாம். அதைக் கண்டால் அவர்கள் ஊரில் விதைப்புக்கு இறங்குவார்களாம். ரொம்ப நல்ல சகுனமாம்.

"நான் அத்தக் கொன்னுட்டனே."

"போனி அம்மா, போனா போவுது. அட்த்த மழைக்கி மள்ளி வஸ்துந்தி. திரும்பி வரும்."

திரும்பி வரும். அதையே பிடித்துக்கொண்டேன். இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கினேன். பல நாளைக்குப் பிறகு பசி.

30-6-97, திங்கள்
வெயில். குவைத்தில் இவரோடு ஒரே ரூமில் இருந்த சத்தியவேட்டுக்காரர் வந்தார். லீவாம். கையில் பேரீச்சம்பழப் பாக்கெட்.

"அவன் ஊரு ஜாத்திரைக்கு வரலியா? சித்திரையிலயே பம்பாய்க்கி வந்துட்டானே. போன வாரங்கூட போன்ல பேசினான். நல்லாத்தான் கீறான்."

கௌரி, "பம்பாய்ல எங்கண்ணன் இன்னா பண்ணுது?" என்றாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு வந்துட்டன்மா. அங்க ஒரு குடும்பம் ஆய்ப்போச்சி அவனுக்கு."

காபி போட்டேன். குடித்தார். போய்விட்டார். கௌரி அழுகிறாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

உயிரோடு இருக்கட்டும் என்றுதான் படிக்குப் படி கேட்டேன். இருக்கிறார். என்னிடம் வரட்டும் என்று ஒரு படியிலும் கேட்கவில்லை.