பக்கத்து மேசையின் பழைய திரை

மார்ச் 4, செவ்வாய்

கணினி பழுது பார்ப்பவர் இன்று இரண்டு திரைகளைக் கொண்டுவந்தார். ஒன்று புதியது, மற்றொன்று கிடங்கில் கிடந்தது. எங்கள் லேபிள் அச்சகத்தில் அச்சாகும் முன் எழுத்தையும் நிறத்தையும் மெய்ப்பு பார்க்க நாங்கள் இரண்டே பேர், நானும் பக்கத்து மேசை அக்காவும். இரண்டு பேருடைய திரையும் போன வாரம் செத்துப்போனது.

"புதுசு ஐபிஎஸ் வகை. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் கலர் மாறாது. பழசு டிஎன் வகை. நேரா உக்காந்து பார்த்தாத்தான் சரியா இருக்கும்" என்றார்.

"எனக்கு ஒரு மாசமா தலைவலி" என்றேன். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. எனக்குத் தலைவலியே வருவதில்லை.

அக்கா எழுந்து மேலாளர் அறைக்குப் போய் வந்தாள். பிறகு பழைய திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சின்னவ நீ. நீயே வெச்சுக்க."

மார்ச் 6, வியாழன்

எழுத்துகள் காகிதத்தில் இருப்பது போல நிற்கின்றன. வீட்டுக்கு வரும்போது கண் எரியவில்லை. சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்?

மார்ச் 12, புதன்

அக்கா அடிக்கடி புருவத்தை அழுத்திக்கொள்கிறாள். மூன்று முறை எழுந்து போய் முகம் கழுவினாள். "வெளிச்சம் கூசுதுடி, கொறச்சு வெச்சிருக்கேன். அப்பவும் வலி விடல."

ஏதோ உறுத்த, பழுது பார்ப்பவருக்கு போன் செய்தேன். அந்தப் பழைய வகையில் வெளிச்சத்தைக் குறைத்தால் திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு விட்டு விட்டு எரியுமாம். கண்ணுக்குத் தெரியாதாம், ஆனால் சிலருக்குத் தலை வலிக்குமாம். "போன் கேமராவுல பாருங்க, கறுப்பா கோடு ஓடும்."

அக்கா சாப்பிடப் போனபோது பார்த்தேன். ஓடுகிறது. பட்டை பட்டையாக, மேலிருந்து கீழே.

வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, கூசினால் ஜன்னல் திரையை இழுத்து விடுங்கள் — இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால், உனக்கெப்படித் தெரியும், எதற்கு விசாரித்தாய் என்று பேச்சு வளரும். கடைசியில் யாருக்குப் புதியது வேண்டும் என்ற இடத்தில் வந்து நிற்கும்.

மார்ச் 13, வியாழன்

ராத்திரி வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஒரு ஸ்கிரீனுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்க? அவங்க கேட்டாங்களா?" என்றார். கேட்கவில்லை. அதுதான்.

மார்ச் 25, செவ்வாய்

பழச்சாறு லேபிள் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. இலையின் பச்சை வெளிறிப்போயிருக்கிறது. ஒப்புதல் கையெழுத்து அக்காவுடையது.

மேலாளர் எல்லார் முன்னாலும் ஒரு லேபிளைத் தூக்கிக் காட்டினார். "இது இலையா? துவைச்சுத் துவைச்சு வெளுத்த துணி மாதிரி இருக்கு. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இதுகூடவா தெரியல?"

"எனக்கு நல்ல பச்சையாத்தான் சார் தெரிஞ்சுது."

யாரோ சிரித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அக்கா பெட்டி கட்டும் பிரிவுக்குப் போக வேண்டுமாம்.

நான் கீபோர்டைப் பார்த்தபடி என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். வாய்க்குப் பூட்டா போட்டிருந்தாங்க உனக்கு? அந்தக் கோடு ஓடினதைப் பார்த்தவ நீதானே? அங்கயே எந்திரிச்சுச் சொல்றதுக்கு என்ன கேடு?

சாயங்காலம் படிக்கட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு இந்த வயசுலதான் கண் நரம்பு கெட்டுப் பார்வை போச்சு. எனக்கும் ஆரம்பிச்சிருச்சோ என்னமோ."

மார்ச் 27, வியாழன்

பழைய திரையை நேராகப் பார்த்தால்தான் நிறம் சரியாக இருக்கும் என்று பழுது பார்ப்பவர் அன்று சொன்னது இன்றுதான் நினைவுக்கு வந்தது.

மார்ச் 28, வெள்ளி

யாரும் வருவதற்கு முன் ஏழரைக்கே போய்விட்டேன். அந்தப் பழச்சாறு லேபிளை அக்காவின் திரையில் திறந்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா குள்ளம், நாற்காலியும் தாழ்ந்தது. அவள் உயரத்துக்குக் குனிந்து கீழிருந்து பார்த்தேன். இலை நன்றாக அடர்ந்த பச்சை. எழுந்து நின்று பார்த்தேன். வெளிறிவிட்டது. உட்கார்ந்தால் பச்சை, நின்றால் வெளிறல். குறை அவள் கண்ணில் இல்லை, திரையில்தான்.

மேலாளர் வந்ததும் கூட்டிப்போய் அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். என் தலைவலி பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றார். அக்காவின் மாற்றல் ரத்து. திரைகளை மாற்றிவிடச் சொன்னார்.

அக்காவிடம் நானே சொன்னேன். கேமராவில் கோடு பார்த்தது வரைக்கும்.

"அப்ப அந்தத் தலைவலி?"

"பொய்க்கா."

பையின் வாரை நீவிக்கொண்டே சொன்னாள். "புதுச எனக்குத் தரச் சொல்லித்தான் சார் முதல்ல எழுதி வெச்சிருந்தார். பாவம் சின்னவ, அவளுக்குத் தலைவலின்னு நான்தான் போய் மாத்தச் சொன்னேன்."

ஏப்ரல் 2, புதன்

அக்கா என்னை 'நீங்க' என்கிறாள். "அந்த ஸ்டேப்ளரக் கொஞ்சம் தர்றீங்களா?" ஒன்பது வருஷத்தில் முதல்முறை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பழைய திரை என் மேசையில். இரண்டு காகிதக் கட்டுகளை அடியில் வைத்துக் கண் மட்டத்துக்கு உயர்த்தியிருக்கிறேன், ஒரு கை நீளம் தள்ளி. வெளிச்சம் முழுதாக, ஜன்னல் திரை பாதி மூடி. நிறம் பார்க்கும் வேலையெல்லாம் அக்காவுக்கு, எழுத்துப் பிழை மட்டும் எனக்கு. இவ்வளவு சின்ன ஏற்பாடு. இதை அன்றைக்கே அவளுக்குச் செய்து கொடுத்திருக்கலாம்.

ஏப்ரல் 16, புதன்

அக்கா காலையில் கண் மருத்துவமனைக்குப் போனாள். கூட வரட்டுமா என்று நேற்று கேட்டேன். "வேணாங்க."

மதியம் பையை எடுக்க வந்தாள். சொட்டு மருந்து விட்டதில் கண்மணி விரிந்து கிடந்தது. நாற்காலியைத் தடவித்தான் உட்கார்ந்தாள். மருத்துவர் எழுதிய தாளைக் கிட்டே பிடித்தாள், எட்டப் பிடித்தாள். அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். கொஞ்சநேரம் கழித்து தாளை என் பக்கம் நீட்டினாள்.

"என்ன போட்டிருக்குன்னு படிக்கிறீங்களா?"

படித்தேன். கண்ணில் வறட்சி. கிட்டப் பார்க்கும் கண்ணாடியின் அளவு மாற்ற வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையை விட்டுத் தூரத்தில் பார்க்கவும், அடிக்கடி இமைக்கவும். பார்வை நரம்பு நன்றாக உள்ளது.

"நரம்பு நல்லா இருக்குன்னா எழுதியிருக்கார்? நீங்களா சொல்லலியே?"

"இல்லக்கா. எழுதியிருக்கார்."

"எங்க, இன்னொரு தடவ படிங்க."

முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன், ஒரு சொல் விடாமல்.